குதிகாலில் ஒரு பள்ளம்

கடைப் பணியாளர் சங்கரி என் வலது பாதத்தை ஏந்தி ஷூவுக்குள் நுழைத்தார். என் காலைத் தொடவைக்கிறேனே என்று நான் இரண்டாவது முறையாக "மன்னிச்சுக்கோங்கோ" என்றேன்.

அதற்குள் நான் தமிழ் பேசுகிறவள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை "சேச்சி" என்றவர் "அக்கா" என்று அழைக்கத் தொடங்கினார்.

மட்டாஞ்சேரியில் அந்தச் செருப்புக்கடையின் மாடிக்கு நான் வந்ததற்குக் காரணம் என் முழங்கால்கள். காக்கநாட்டில் நான் பணிபுரியும் அலுவலகத்தின் ஓட்டக் குழுவில், மறுக்கத் தெரியாமல் சேர்ந்திருந்தேன். அடியில் இரண்டு விரற்கடை தடிமனுக்கு மெத்தை வைத்த ஷூ ஓடுவதற்கு நல்லதா, கெட்டதா என்று இணையத்தில் படித்துப் படித்துக் குழம்பியிருந்தேன்.

மாடித் தரை கண்ணாடிபோலத் துடைக்கப்பட்டிருந்தது. பணியாளர்கள் தங்கள் செருப்புகளைக் கீழே படிக்கட்டின் ஓரம் கழற்றிவைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் மேலே நிற்க வேண்டும்.

தூணில் மலையாளத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. விற்பனைக்குரிய காலணியை அணியும் பணியாளர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று அதில் இருந்தது. சுவரில் எழுதியிருக்கும் எதையும் படித்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு.

"இதிலே நல்லது என்ன, கெட்டது என்னன்னு உள்ளபடி சொல்வேளா?" என்று சங்கரியிடம் கேட்டேன்.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொதல்ல பஞ்சு மேல நிக்க மாதிரி இருக்கும்க்கா. முட்டிக்கு வலியே தெரியாது. நேரம் போகப் போக கணுக்கால் வெளிப்பக்கமாச் சரியும். வெடுக்குன்னு திரும்பிராதீங்க, பெரண்டுரும். படி எறங்கயில பூமி எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாது, கம்பியப் பிடிச்சுக்கிடுங்க. ஓடுனா எப்படின்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு நிக்கதுதானே வேலை."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

முற்பகல் முழுவதும் அவர் பின்பக்கக் கிடங்கின் சிமெண்டுத் தரையில் பெட்டி அடுக்க வேண்டும். பிற்பகலில் இங்கே வர வேண்டும். இந்த வேலையை நம்பித்தான் சென்ற வாரம் சங்கரன்கோவிலிலிருந்து அம்மாவை அழைத்துவந்து, கொச்சங்காடியில் ஓர் அறை பிடித்திருந்தார். லேஸ் கட்டி முடிப்பதற்குள் இவ்வளவையும் சொல்லிவிட்டார்.

ஷூ என் காலுக்கு வெகுவாகப் பொருந்தியது. குதிகால் பதியும் இடத்தில் ஒரு சிறு பள்ளம், எனக்காகவே குழித்து வைத்ததுபோல் இருந்தது.

அப்போது மேலாளர் சேவியர் அங்கு வந்தார்.

நமக்கு ஒருவர் உதவி செய்தால், அவருடைய மேலதிகாரியிடம் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கூற வேண்டும் என்று பள்ளியில் எனக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

மிகவும் அருமையாக விளக்கினார் என்று மலையாளத்தில் சொன்னேன். இதே ஷூவைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் நடந்தவரைப்போல விளக்கினார் என்றும் சொன்னேன்.

என் லேஸின் மேல் இருந்த சங்கரியின் விரல்கள் அசையாமல் நின்றன.

சேவியர் புன்னகை மாறாமல் குனிந்து, நான் இன்னும் அணியாத இடதுகால் ஷூவை எடுத்தார். உள்ளே கட்டைவிரலை விட்டு அழுத்திப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பினார்.

அடிப்பாகத்தின் வரிகளுக்குள் சிமெண்டுத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இந்த ஜோடியையே நான் எடுத்துக்கொள்கிறேன், தயவுசெய்து இதையே கொடுங்கள் என்றேன். எந்தக் கடையிலும் அவ்வளவு உறுதியாக நான் பேசியதில்லை.

"ஐயோ, இது வேண்டா சேச்சி. புதுசு எடுத்துத் தராம்," என்றார் சேவியர் மலையாளத்தில், மிகுந்த மரியாதையோடு.

கையை நீட்டினார். நான் வலதுகால் ஷூவையும் கழற்றி அவரிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புதிய பெட்டி வந்தது. அதிலிருந்த ஷூவில் பள்ளம் எதுவும் இல்லை. காலில் போட்டுக்கொண்டே போகலாம் என்றார் சேவியர். அதையும் நான் மறுக்கவில்லை.

பழைய ஜோடியை எடுத்துக்கொண்டு அவர் கிடங்குப் பக்கம் நடந்தார். சங்கரி அவர் பின்னால் போனார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். ஒவ்வொரு படியிலும் தரை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

வெளியே மழை. பணியாளர்களின் செருப்புகள் வரிசையாக இருந்த இடத்தில், மழைக்கு ஒதுங்கியவளைப்போல நின்றேன். மேலே திரும்பிச் சென்று சேவியரிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். வாக்கியங்கள் மரியாதையாகத்தான் வந்தன. நான் சொன்னதை இல்லையென்று ஆக்கும் வாக்கியம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

படியில் வெறுங்காலின் சத்தம் கேட்டது.

சங்கரி இறங்கிவந்து, வரிசையிலிருந்து தம் ரப்பர் செருப்பைக் காலால் இழுத்து மாட்டிக்கொண்டார். அதன் குதிகால் பக்கம் ஓட்டையாகத் தேய்ந்திருந்தது.

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. அந்தக் கடையை இரவு ஒன்பது மணிக்குத்தான் அடைப்பார்கள்.

மூன்றாவது முறையாக "மன்னிச்சுக்கோங்கோ" என்றேன்.

அவர் குடையை விரித்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"லேஸைக் கொஞ்சம் லூசா விடுங்கக்கா. சாயங்காலம் ஆனா கால் வீங்கும்."