நெட்டில் கிடைக்காத படம்

"மீசை நல்லாத்தான் இருக்கு மச்சி. தொட்டுடாத, கையில ஒட்டிக்கும்" என்றான் தஸ்லிம்.

சந்தோஷின் மீசை, அவன் அக்கா யுவஸ்ரீயின் ஐப்ரோ பென்சில் உபயம். பதினெட்டு முடிய அவனுக்கு இன்னும் பல மாதம் கிடக்கிறது. யார் பொறுப்பது? மத்திகிரி பக்கத்தில் இருக்கும் அவர்கள் பாலிடெக்னிக்கின் நூலகத்தில் ஒரு 'ஏ' படம் இருக்கிறது. வகுப்பில் பாதிப்பேர் பார்த்தாயிற்று. கேட்டால் கண்ணடிக்கிறார்களே தவிர, கதையை மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

"நெட்லகூட இல்லையாமேடா?"

"எங்க தேடினாலும் கிடைக்காது."

"ஒரே ஒரு சீனாவது சொல்லேன்டா!"

"சொன்னா சப்புன்னு போயிடும். நீயே பாரு" என்ற தஸ்லிம், கையிலிருந்த துணியால் புத்தக அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நீ எதுக்குடா இதைத் துடைக்கிற? வீட்டுல குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டியே!"

"புத்தகம்னா ஒரு மரியாதை வேணும்டா."

படம் பார்த்தால் புத்தி இப்படியா கலங்கும்? சந்தோஷுக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது.

மாட்டினால்தான் வம்பு. கம்பெனியில் ஷிப்டில் இருக்கும் அப்பா ராமப்பனுக்குப் போன் போகும். அவர் வாயால் மட்டும் பேசுகிற ஆள் இல்லை.

சந்தோஷ் போய் நின்றதும், மேசைக்குப் பின்னாலிருந்த நூலகர் ஜோதியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, ஊட்டா ஆயித்தா?"

யாரைப் பார்த்தாலும் முதலில் கன்னடத்தில் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்.

"சாப்ட்டேங்க மேடம். அந்த... 'ஏ' படம்..."

"வயசு?"

"பத்தொம்பதுங்க." பதினெட்டு என்றால் சந்தேகம் வரும் என்று ஒன்றைக் கூட்டிப் போட்டான்.

ஜோதியம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு மீசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை, விழவா வேண்டாமா என்று நின்றது.

"பொய் இல்லையே?"

"எங்கம்மா மேல சத்தியம் மேடம்!"

"சரி, இந்தா. வீட்டுக்கெல்லாம் தர மாட்டேன். அந்த ரூம்ல உக்காந்து பாரு. ஹெட்போன் மாட்டிக்கோ, சத்தம் வெளிய வரக்கூடாது."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்பு உறையில் சிவப்பாக ஒரே ஒரு 'ஏ'. ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டான். திரை இருண்டது. மெல்ல ஒரு புல்லாங்குழல். நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டான். இதோ, ஒரு பெண் குரல்!

"என்னப்பா, ஊட்டா ஆயித்தா?"

திரை முழுக்க ஜோதியம்மாள்.

"பதினெட்டு ஆனவங்களுக்கு வேற சிடி இருக்கு. இது ஆகாதவங்களுக்கு. மேசைக்குக் கீழ துணி வெச்சிருக்கேன் பாரு. மீசை வரைஞ்சுகிட்டு வந்திருந்தா மொதல்ல அதைத் தொடச்சுக்கோ. அப்புறம் வெளிய போயி ஒரு அலமாரியைத் தொடச்சு வை. ஒழுங்கா முடிச்சா உங்கப்பாவுக்குப் போன் வராது. படம் அவ்வளவுதான்."

மேலுதடு சிவக்கத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான் சந்தோஷ். தஸ்லிம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷ் பக்கத்து அலமாரியில் துணியை வைத்தான்.

அதற்குள் வாசலிலிருந்து பூபதி ஓடி வந்தான், அப்போதுதான் வரைந்த மீசையோடு.

"பாத்துட்டியா? எப்படிடா இருக்கு படம்?"

"செம மச்சி!" என்றான் சந்தோஷ், தூசியைத் தட்டிக்கொண்டே. "சொன்னா சப்புன்னு போயிடும். நீயே பாரு."