சிமெண்டு ஆடு

பொட்டல் நடுவே ஒரு பெட்ரோல் பங்க், எதிரே இரண்டாள் உயரத்துக்கு ஒரு சிமெண்டு ஆடு. அவ்வளவுதான் அந்த ஊர். வந்து போனவர்கள் மென்ற சூயிங்கத்தை எல்லாம் ஆட்டின் உடம்பில் ஒட்டிவைத்திருந்தார்கள். வெயிலில் இளகிய அந்த எச்சில் தோலில் ஈ மொய்த்தது. புதினா வாசனையோடு ஊத்தைவாய் நாற்றம் அடித்தது.

பெட்ரோல் போட்ட பெண் என் மனைவி வசுமதியிடம் ஒரு சூயிங்கத்தை நீட்டினாள். "நீங்களும் ஒட்டிட்டுப் போங்கம்மா. இல்லேன்னா வண்டி வழியில நின்னுடும். ரொம்ப மெல்லாதீங்க, இனிப்பு இருக்கும்போதே ஒட்டிடணும்."

"கருமம்! வா, போகலாம்," என்றேன்.

"வண்டி நின்னா தள்ளப்போறது நான்தானே?" என்ற வசுமதி, நாலு முறை மென்று, ஆட்டின் முழங்காலில் அழுத்திவிட்டு வந்து ஏறினாள்.

வண்டியைக் கிளப்பிக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் எங்களுக்குக் கையாட்டியபடியே ஆட்டிடம் போனாள். முழங்காலில் ஈரம் காயாமல் இருந்ததைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கண்களை மூடி மெதுவாக மென்றாள்.

"பாவம், தனியாவே கெடக்கா. இன்னும் கையாட்டுறாளா?" என்றாள் வசுமதி, உதட்டில் மிச்சமிருந்த இனிப்பை நக்கியபடி.