கடைசி பஸ்

மூன்றாவதாகப் பேச வந்த தையல்காரரும் அதையேதான் சொன்னார். தான் ஓட்டத்தில் கடைசியாக வரவில்லை, தனக்கும் பின்னால் அண்ணன் வந்தார் என்று.

கூட்டம் சிரித்தது. இரங்கல் கூட்டத்தில் இப்படிச் சிரிக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. முன் வரிசையில் இருந்த, இறந்துபோன அண்ணனின் மனைவியே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மேடையில் அவருடைய படம். தொப்பியும் வியர்வையுமாக, முன்னால் போகிற யாரையோ 'போ, போ' என்று விரட்டுகிற முகம்.

ஒரு காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் கோப்பை கோப்பையாக வாங்கி வந்தவர். பிறகு என்ன தோன்றியதோ, பந்தயத்தை விட்டுவிட்டு ஊருக்காக ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒன்றை ஆரம்பித்தார். சர்க்கரை வியாதிக்காரர்கள், குடியை விட்டவர்கள், பிள்ளை பெற்று உடம்பு கனத்தவர்கள், யாரையோ பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவர்கள் என்று கதவைத் தட்டித் தட்டி இழுத்து வந்தார்.

கடைசியாக வந்துவிடுவோமோ என்ற வெட்கம்தான் ஆட்களை வீட்டிலேயே உட்கார வைக்கிறது என்பார். அதனால் கடைசி இடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். எவ்வளவு மெதுவாக வருகிறவருக்கும் பின்னால் அவர் இருப்பார்.

ஊரில் அவருக்குக் கடைசி பஸ் என்றே பெயர்.

மனைவிக்கு மட்டும் அந்த பஸ் நின்றதே கிடையாது.

கடைக்கோ கல்யாணத்துக்கோ கூடப் போனால், அவர் அரைத் தெரு முன்னால் போய்க்கொண்டிருப்பார். பையும் குடையுமாக இவள் பின்னால். கேட்டால், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார். பெண்டாட்டியும் தானே வீடு வந்து சேர்ந்துவிடுவாளாக்கும் என்று இவள் கேட்பாள்.

சண்டை போட்டிருக்கிறாள். பேசாமல் இருந்து பார்த்திருக்கிறாள். ஒருமுறை வேண்டுமென்றே நடுவழியில் நின்றுவிட்டாள். அவர் வீட்டுக்குப் போய் டீ போட்டு வைத்துவிட்டு, எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்.

இந்த மழைக்காலத்தில்தான் ஆள் மாறினார்.

முதலில் அவளுக்குப் பக்கத்தில் நடந்தார். பிறகு ஓரடி பின்னால். மாடிப்படியில் அவளை முன்னால் போகச் சொன்னார். பாதி வழியில் நின்று அடுத்தவர் வீட்டுப் பூச்செடியைப் பார்த்தார். செடி கொடி என்று எதையும் திரும்பிப் பார்க்காத மனிதர்.

அவளுக்கு வெட்கம்கூட வந்தது. அக்காவுக்குப் போன் போட்டு, தலை நரைத்த பிறகாவது புத்தி வந்ததே, இப்போது எனக்காக நின்று நின்று வருகிறார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

இன்று மைக்கில் அதைத்தான் சொல்வதாக இருந்தாள். உங்களுக்கெல்லாம் எத்தனையோ வருஷம் பின்னால் வந்தார், எனக்குக் கடைசியில் கொஞ்ச நாள்தான் வந்தார், ஆனால் வந்தார். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டே வந்திருந்தாள்.

அடுத்து மருந்துக்கடைக்காரர் எழுந்தார். ஓட்டம் முடிகிற இடத்தில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பது அவர் பொறுப்பு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் எல்லோரும் வந்து சேர்ந்து, வீட்டுக்கும் போய்விட்டார்களாம். மேசையை மடக்குகிற நேரத்தில்தான் அண்ணன் வந்தாராம். யாரையோ தேற்றிக் கூட்டி வருகிறார் என்று நினைத்துத் தூரத்திலிருந்தே கை தட்டினாராம். வழக்கம்போலக் கேலி பேசி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாராம். கடைசி பஸ் கடைசியாக வந்தால் யாருக்குப் பயம் வரும்?

அங்கே நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அவர் பக்கத்துல யாருமே இல்லக்கா. எனக்கு அது அன்னிக்கு உறைக்கல."



தெருவில் விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டரும் கேட்டார். இதயம் பல மாதமாகவே பலவீனமாகி வந்திருக்கும், நடக்கும்போது மூச்சு வாங்கியிருக்கும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று. இல்லை டாக்டர், என்னோடுதான் நடந்தார், நன்றாகத்தான் நடந்தார் என்று அவள் அழுதுகொண்டே அடித்துச் சொல்லியிருந்தாள்.

மாடிப்படி நினைவுக்கு வந்தது. பூச்செடி நினைவுக்கு வந்தது.

அவர் காத்திருக்கவில்லை. அவரால் முடியவில்லை.

குடும்பத்தின் சார்பில் பேச அவளை அழைத்தார்கள். யாரோ கையைப் பிடித்து மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள். பழகி வைத்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் தெருவில் விழுந்த அன்று மாலை இருவரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தங்கள் தெருவுக்குள் நுழைந்ததும், நீ போ, நான் வருகிறேன் என்றார். அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. இத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் ஒரே நாளில் தீர்த்துக்கொள்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். தோற்கப் போகிறவர் கூப்பிடத்தான் செய்வார் என்று இன்னும் வேகமாகப் போனாள்.

வீட்டு கேட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"இன்னிக்கு நான்தான் முதல்ல," என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.