பாரமும் சூடும்

வீட்டிலிருந்தே சொகுசாக வேலை பார்க்கட்டும் என்று ஆபீஸ் எங்களுக்கு நாற்காலி அனுப்பியது. சொல்லாமல் எழுந்தால் நாற்காலியே மேலாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று முறை அப்படி எழுந்தால் வேலை போய்விடும்.

மகளுக்கு வலிப்பு வந்த அன்று நான் எழுந்தேன்.

"ஒன்பது நிமிஷம் சீட்ல இல்லையேம்மா," என்றார் மேலாளர் தணிகைவேல்.

"பிள்ளைக்கு வலிப்பு சார்."

"எல்லார் வீட்லயும் ஏதாவது இருக்கும். கேளுங்க, பதில் வரட்டும், அப்புறம் எழுந்திருங்க."

நாற்காலிக்கு வேண்டியது பாரமும் சூடும்தான். மறுநாளே இரண்டு அரிசி மூட்டைகளை அதில் ஏற்றி, மேலே வெந்நீர்ப் பையை வைத்தேன். வேலையை அடுப்படியில் நின்றே முடித்தேன். இடத்தைவிட்டு அசையாத ஊழியர் என்று மெச்சி, ஆறே மாதத்தில் தணிகைவேலுக்கே என்னை மேலாளராக்கினார்கள்.

இன்று காலை அவர் போனில் வந்தார்.

"மேடம், அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டார். கத்துறார். எனக்கு இது மூணாவது தடவை. நீங்க சரின்னு சொன்னா எழுந்துக்கிறேன்."

"பதில் வரும், உட்கார்ந்திருங்க," என்றேன்.

போனை மூட்டையின் மேல் வைத்துவிட்டு, மகளுக்குத் தலை பின்னப் போனேன்.