பன்னிரண்டாம் பக்கம்

"அண்ணே, ஒரு தடவை பாத்துத் தந்துருங்க. நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகுது."

அழகுமீனா நீட்டிய தாள்களை சிவபாண்டி வாங்கிக்கொண்டான். வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? பட்டாசு கம்பெனிகளுக்கு சரக்கு இருப்பு பார்க்கிற சாஃப்ட்வேர் செய்து விற்கும் திருத்தங்கல் ஆபீஸ் அது. அந்த சாஃப்ட்வேரை எப்படி ஓட்டுவது என்று ஆறு வருஷமாக புத்தகம் எழுதித் தருகிறவன் அவன்தான். எண்பத்து நாலு பக்கம். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பாரா. வாங்கினவர்கள் அதை டீ கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டு, சந்தேகம் வந்தால் அவனுக்கே போன் போட்டார்கள். அது வேறு விஷயம்.

இவள் வேலைக்கு வந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. அவன் புத்தகத்தை ஏஐயிடம் கொடுத்து, பதினாறே பக்கத்தில் முடித்துவிட்டாள்.

"கதை படிக்கிற மாதிரி இருக்கும்மா! இனி எங்கம்மாகூட சாஃப்ட்வேரை ஓட்டிரும்" என்று முதலாளி ஸ்ரீராம்குமார் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஆறு வருஷத்தில் அவனுக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. மிஷின் எழுதினதுக்கு இவளுக்குப் பாராட்டா?

குற்றம் கண்டுபிடிக்கவென்றே படித்தான். பன்னிரண்டாம் பக்கத்தில் கிடைத்தது.

'மருந்து ரூமில் நின்றபடியே எடையைச் செல்போனில் பதிந்துவிடுங்கள். அலைச்சல் மிச்சம்!'

சிவபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். வெடிமருந்து ரூமுக்குள் செல்போனா? கேட்டிலேயே செல்லை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் யாரும் கம்பெனிக்குள் நுழைய முடியும். எடையைத் துண்டுச்சீட்டில் குறித்து, ஆபீஸுக்கு வந்து ஏற்றுவதுதான் முறை. அவன் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. சுருக்கச் சொன்னதும் ஏஐ அதையும் சேர்த்துச் சுருக்கிவிட்டது. சூலக்கரையில் வளர்ந்த அழகுமீனா பட்டாசு கம்பெனிக்குள் கால் வைத்ததே இல்லை. அவளுக்கும் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

'வாட்ச்மேனைத் தாண்டி எவன் போனோட போகப் போறான்? ஒண்ணும் ஆகாது. போர்மேன் கண்ணுல பட்டா இவ மூஞ்சிதான் தொங்கும். தொங்கட்டும்.'

"எல்லாம் சரியா இருக்கு" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீங்க பாத்துட்டா எனக்குப் பயமில்லண்ணே."

அடுத்த வாரம் ஐந்நூறு புத்தகம் அச்சாகி வந்தது. சிவபாண்டி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் புதிதாக சாஃப்ட்வேர் வாங்கிய கம்பெனிக்கு முதலாளியும் அழகுமீனாவும் கிளம்பியபோது, வேடிக்கை பார்க்கிற ஆசையில் தானும் வண்டியில் தொற்றிக்கொண்டான்.

போர்மேன் இருளாண்டி ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"நல்லா வெளங்குதுங்க. சொல்லித்தர ஆளே வேண்டாம் போலயே."

பன்னிரண்டாம் பக்கம் வந்தது. அவர் முகம் மாறியது.

"என்னங்க இது? மருந்து ரூமுக்குள்ள செல்லைக் கொண்டு போகச் சொல்லியிருக்கீக? நூத்தி இருவது பேரு வேலை பாக்குற எடங்க! எம் மகளும் அங்கனதான் நிக்கா. இதுல ஒரு புஸ்தகம்கூட உள்ள போகக்கூடாது. எவன் எழுதுனது இதை?"

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. சிவபாண்டிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அந்த மகள் பேச்சு மட்டும் லேசாக உறுத்தியது.

இருளாண்டி முதல் பக்கத்தைத் திருப்பி வாசித்தார்.

"'எழுதியவர்: சிவபாண்டி. சுருக்க உதவி: ஏஐ, அழகுமீனா.' யாருங்க அந்த சிவபாண்டி?"

"எம் பேரா?" சிவபாண்டி எட்டிப் பார்த்தான்.

"விஷயம் பூராம் உங்க புஸ்தகத்துல இருந்து எடுத்ததுதானண்ணே" என்றாள் அழகுமீனா மெதுவாக. "அதான் பிரஸ்ல சொல்லிப் போட வச்சேன். நீங்க பாத்ததும் சந்தோசப்படுவீகன்னு நெனச்சேன்."

முதலாளி அவன் பக்கம் திரும்பினார். "சிவபாண்டி, நீ பாத்துட்டேன்னு இந்தப் புள்ள சொன்னதாலதான அடிக்கக் குடுத்தேன்? ஆறு வருசமா இந்தக் கம்பெனிகளுக்குள்ள போய் வர்ற ஆளு நீ. இது எப்படிய்யா உன் கண்ணுல படாமப் போச்சு? இனி உன்னைய எதை நம்பி வேலைக்கு வச்சிருக்கிறது?"

சிவபாண்டிக்கு வியர்த்துக் கொட்டியது.

அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அழகுமீனா முன்னால் வந்தாள்.

"அண்ணன் அன்னைக்கே பன்னெண்டாம் பக்கத்துல வட்டம் போட்டுக் குடுத்தாரு சார். நாந்தான் மாத்த மறந்துட்டேன்."