ஒன்று கூடுதல்

கரும்பலகையில் 2003 என்று எழுதிவிட்டு ஏசுவடியான் சார் திரும்பியபோது, மூன்றாம் வகுப்பில் ஒருவர்கூடத் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. முப்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

அது வெறும் எண் இல்லை. குற்றாலத்து ஜனங்கள்.

பத்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் சர்க்கார் கணக்கெடுப்பு அது. தை மாதம் ஐந்து பேர் ஊரை ஐந்து பங்காகப் பிரித்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினார்கள். 412, 388, 467, 351, 385. எல்லாவற்றையும் சேர்த்து ஒப்படைக்கும் பொறுப்பு ஏசுவடியானுக்கு.

அந்த ஐந்தையும் இப்போதுதான் பிள்ளைகள் கூட்டி முடித்திருந்தார்கள். அதில் நானும் இருக்கிறேனா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லாரும் இருந்தார்கள். போன வாரம்வரை மூன்று இலக்கத்தைக் கண்டாலே வயிற்றுவலி வந்துவிடும் இசக்கிப்பாண்டி, தன்னை உள்ளே வைத்திருக்கும் நான்கு இலக்கத்தை வாய் பிளந்து பார்த்தான்.

முந்தின இரவு கடைசிச் சரிபார்ப்பு. நள்ளிரவுக்குள் ஊரில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் கணக்கு. பொழுது சாய அரிக்கேன் விளக்கோடு கிளம்பிய ஏசுவடியான் தன் பங்கை முடித்து, சாவடியில் உட்கார்ந்து மற்ற நால்வரின் தாள்களையும் வாங்கி அடுக்குவதற்குள் விடிந்துவிட்டது. சிற்றாற்றில் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் வந்தார்.

லீவு கேட்டிருக்கலாம். ஆனால் கடன் வாங்கிக் கழித்தலுக்கு இதைவிட நல்ல கணக்கு இன்னும் பத்து வருஷத்துக்குக் கிடைக்காது.

வாசலில் தலையாரி மாடன் நின்றார். மொத்தத்தை எழுதிக் கொடுத்தால் அவர் தென்காசித் தாலுகா கச்சேரிக்குக் கொண்டுபோவார். முதலில் போய்ச் சேருவது குற்றாலத்துக் கணக்காக இருக்க வேண்டும் என்று ஏசுவடியானுக்கு ஒரு ஆசை. ஒரு ஆள் கூடினாலும் குறைந்தாலும் தாள்கள் திரும்பி வந்துவிடும்.

தை மாதத்துக்குப் பிறகு சத்திரத்தை விட்டுப் போனவர்கள், மரம் வெட்ட மலையேறியவர்கள், இறந்தவர்கள். எல்லாமாக 168. அதை 2003க்குக் கீழே எழுதினார்.

மூன்றிலிருந்து எட்டு போகாது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அங்கே பூஜ்யம். அதற்கடுத்த வீட்டிலும் பூஜ்யம். இத்தனை நாளும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் பலப்பத்தைக் கீழே வைத்தார்கள்.

இன்று குழல்வாய்மொழி பலகைக்கே ஓடி வந்தாள். ஆயிரத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்றாள். அங்கே இரண்டு இருந்தது. ஒன்றை உடைத்துப் பத்து நூறு ஆக்கினாள். அதில் ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்து ஆக்கினாள். அதிலும் ஒரு பத்தை உடைத்து மூன்றோடு சேர்த்தாள். பதின்மூன்றிலிருந்து எட்டு போனது.

1835.

வகுப்பு சிலேட்டுகளைத் தட்டியது. தூக்கமில்லாத கண்களோடு ஏசுவடியானும் மேசையைத் தட்டினார்.

இனிப் புதிதாக வந்தவர்களையும் பிறந்தவர்களையும் சேர்க்க வேண்டும். 79.

அப்போது வள்ளித்தாய் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். மருத்துவச்சி பேராச்சியின் மகள். அம்மா பிரசவம் பார்க்கப் போனால் இவளும் கூடப் போய்விட்டு, நேரம் கழித்துத்தான் வருவாள்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலில் கணக்கு என்று ஏசுவடியான் பலகையைக் காட்டினார். மறுபடியும் வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார். பக்கத்திலிருந்தவளிடம் என்ன கணக்கு என்று கேட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்து போட்டாள்.

முப்பது சிலேட்டுகளில் 1914. வள்ளித்தாயின் சிலேட்டில் 1915.

ஐந்தும் ஒன்பதும் எத்தனை என்று கேட்டார். பதினாலு என்று தயங்காமல் சொன்னாள். கூட்டி முடித்த பிறகுதான் ஒன்று சேர்த்தாளாம்.

“எதுக்குட்டி சேத்தே?”

“நேத்து ராத்திரி பத்து மணிக்கு ஒண்ணு பொறந்துருக்கு சார். நீங்க எழுதல.”

ஏசுவடியானுக்குச் சுரீரென்றது. அவர் பங்கில் தட்டாத கதவு கிடையாது. நாய் விரட்டிய வீட்டில்கூட வேலிக்கு வெளியே நின்று கேட்டு எழுதியிருந்தார். எந்த வீடு என்று கேட்டார்.

வள்ளித்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பொழுது சாய நீங்கள் முதலில் எழுதிய வீடு என்றாள். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இரண்டு தடவை ஆள் விட்டும் சார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் தாள்களைப் புரட்டினார். முதல் தாள். முதல் வீடு. ஆட்கள் இரண்டு.

ஏசுவடியான். மனைவி ஞானப்பூ.

இன்னும் இருபது நாள் கிடக்கிறது என்றல்லவா பேராச்சி சொல்லியிருந்தாள்.

அவர் பேனாவை மையில் தோய்த்தார். இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். பெயருக்கான கட்டத்தைச் சும்மா விட்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

ஆணா பெண்ணா என்று கேட்டார்.

“அதைச் சொல்லக் கூடாதுன்னுட்டா எங்கம்மை. நீங்களே வந்து பாத்து எழுதிக்கிடணுமாம்.”

ஒரு கையில் தாளும் மறு கையில் மைக்கூடுமாக ஏசுவடியான் தெருவில் ஓடினார். பள்ளிக்கூடம் விட மணி அடிக்கக்கூட ஆளில்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.