சிவந்த பால்

பால் சங்கத்து ஜன்னல் வெயில் சிக்கதாயியின் கையிலிருக்கும் கண்ணாடிக் குழாயில் வந்து நிற்கிறது. சோடா உப்பு கலந்திருக்கிறதென்று நேற்று டெய்ரியிலிருந்து ஊர்ப்பால் மொத்தமும் திரும்பி வந்ததால், இன்று ஒவ்வொருவர் பாலையும் அவள் சோதிக்கிறாள். "கெம்பம்மா பாலுக்கு நான் பொறுப்பு" என்று நேற்று எல்லோர் முன்னாலும் அடித்துச் சொன்னவளும் அவள்தான். ஓரவஞ்சனை என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்றுதான் சிநேகிதியின் பாலிலும் சோதனைச் சாயத்தைச் சொட்டவிடுகிறாள். நல்ல பால் பழுப்பாகும். இது ரோஜா இதழாய்ச் சிவக்கிறது. புளிக்கும் பாலின் அமிலத்தைச் சோடா உப்பின் காரம் அடக்கிவிடும். நாக்குக்குத் தெரியாது, சாயத்துக்குத் தெரியும். வரிசையில் கேன் மூடிகள் கிணுகிணுக்கின்றன.

"தோழி பாலுக்கு மட்டும் தனிப் பூசையா? சீக்கிரம் விடு தாயி" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். சிக்கதாயி குழாயை முந்தானையால் மறைத்துக்கொள்கிறாள்.

"எப்பலேர்ந்துடி கலக்குறே?" என்கிறாள் தணிந்த குரலில்.

எதிரில் நிற்கும் கெம்பம்மாவின் விரல்களில் காலையில் பிசைந்த ராகி மாவு காய்ந்திருக்கிறது. அவள் குழாயைப் பார்க்கவில்லை. சிக்கதாயியின் முகத்தையே பார்க்கிறாள். கண் நிறைந்துவிடுகிறது.

"என் பாலையுமா சோதிச்சே, அக்கா?"